பட்டன் டப்பாவுக்குள் மாத்திரை

என் வீட்டுக்காரருக்கு இரண்டு தொழில். ஒன்று தையல், அதில் வருமானம். இன்னொன்று, மருத்துவக் கல்லூரித் தேர்வன்று வயிற்றைத் தூக்கிக்கொண்டு போய்க் கட்டிலில் படுப்பது, அதில் மரியாதை. கல்லீரல் சுருங்கிப்போன இவரை வருடாவருடம் கூப்பிடுவார்கள். மாணவர்கள் தட்டிப் பார்த்து, தடவிப் பார்த்து, என்ன நோய் என்று சொல்ல வேண்டும். ஒருமுறை பெரிய டாக்டர், "அருமையான கேஸ்" என்று சொல்லித் தொலைத்துவிட்டார். அன்றிலிருந்து இவருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. மந்திரி பதவி கிடைத்திருந்தால்கூட இந்த அலட்டல் இருந்திருக்காது.

மனிதர் குடித்ததே இல்லை. எப்போதோ ரத்தத்தில் புகுந்த காமாலைக் கிருமி, சத்தம் போடாமல் தங்கிக் கல்லீரலைத் தின்றுவிட்டது. ஆனால் வருகிற மாணவன் எல்லாம் முதலில், "எவ்வளவு குடிப்பீங்க?" என்றுதான் கேட்பான். "ஒரு சொட்டு கிடையாது தம்பி" என்று சொல்லும்போது இவர் முகத்தில் ஒரு பூரிப்பு வரும் பாருங்கள், எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இந்த முறை தேர்வுக்குக் கிளம்பும்போது சட்டைப் பொத்தானைக் கோணல்மாணலாகப் போட்டிருந்தார். ஊருக்கெல்லாம் பொத்தான் தைக்கிறவர். கேட்டதற்கு, "இப்ப இதான் மாடல்" என்றார். அந்த வாரம் முழுக்கப் பகலில் மெஷின் மேலேயே தலை சாய்த்துத் தூங்கினார். ராத்திரியெல்லாம் கொட்டக் கொட்ட விழித்திருந்தார். வயிறும் பானையாக உப்பியிருந்தது. பரீட்சை பயமாக்கும், இவருக்குத்தானே பட்டம் கொடுக்கப்போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

வார்டில் நான் கட்டில் பக்கத்திலேயே நின்றேன். ஒருவன் வயிற்றைத் தட்டினான், ஒருக்களித்துப் படுக்க வைத்து மறுபடி தட்டினான், "சார், தண்ணி இடம் மாறுது" என்றான். அடுத்தவன் மார்பில் சிலந்தி மாதிரி படர்ந்த சிவப்புப் புள்ளிகளைக் கண்டுபிடித்தான். இன்னொருவனுக்கு உள்ளங்கைச் சிவப்பு அகப்பட்டது. "குட், குட்" என்றார் பெரிய டாக்டர். முகத்தை ஒருவனும் பார்க்கவில்லை. முகத்துக்கு மார்க் கிடையாது போலிருக்கிறது.

கடைசியாக ஒரு பெண் வந்தாள். பேந்தப் பேந்த முழித்தாள். இது எங்கே தேறப்போகிறது என்று நினைத்தேன். அவள் வயிற்றைத் தொடாமல் சட்டையையே பார்த்தாள்.

"ஐயா, இன்னைக்கு என்ன கிழமை?"

"துணி இன்னும் ரெடியாகலம்மா. நாளைக்கு வா."

அவள், "ரெண்டு கையையும் நீட்டி, வண்டிய நிறுத்துற மாதிரி காட்டுங்க" என்றாள். ஊசியில் நூல் கோத்த கைகள் படபடவென்று அடித்துக்கொண்டன.

"அம்மா, மருந்தெல்லாம் ஒழுங்கா சாப்பிடுறாரா?"

"நான்தானே கையில குடுக்கிறேன்!"

இவர் சிரித்தார். "மாத்திரையெல்லாம் பட்டன் டப்பாவுல பத்திரமா இருக்கு. அதப் போட்டா தண்ணி வடிஞ்சிடுமே, பாவம் புள்ளைங்க எதத் தட்டிப் பாக்கும்? அந்த சிரப்பக் குடிச்சா கக்கூசுக்கு ஓடணும். பரீட்சை நடுவுல எழுந்து போகலாமா? அதான் கொட்டிட்டேன்."

அடப்பாவி மனுஷா!

"மண்ணீரலைத் தொட்டியா? நேரம் முடியுது" என்றார் பெரிய டாக்டர்.

"சார், மண்ணீரல் அப்புறம். வெளிய போகாம குடல்ல தேங்குன விஷத்தக் கல்லீரலால சுத்தம் பண்ண முடியல, மூளைக்கு ஏறுது. இவரை உடனே அட்மிட் பண்ணணும்."

பண்ணினார்கள். பிழைத்தார். அவளைத்தான் ஃபெயிலாக்கினார்கள்; மண்ணீரலைத் தொடவில்லையாம். நல்ல நியாயம்!

வார்டுக்குப் பார்க்க வந்தவளிடம் இவர் அழுதேவிட்டார். "அடுத்த பரீட்சைக்கும் நானே வரேம்மா."

"வாங்க ஐயா. ஆனா மருந்தெல்லாம் சாப்பிட்டு வரணும்."

"அப்புறம் வயித்துல தண்ணி இருக்காதே?"

"இல்லைன்னு சொல்லிப் பாஸாகிக்கிறேன்."

இப்போது தினமும் மாத்திரையை விழுங்கிவிட்டு, வாயைத் திறந்து காட்டுகிறார். இத்தனை வருடம் கெஞ்சியது நான். அந்தப் பெண் பாஸாக வேண்டுமாம், அதற்காக விழுங்குகிறாராம். யாருக்காகவாவது விழுங்கட்டும், எனக்கு இந்த ஆள் வேண்டும்.