மை கரைந்த விடைத்தாள்

2006-ஆம் வருடம் மே மாதம், சிதம்பரத்தில் ஒரு தேர்வு அறையில் நடந்தது இது. எழுதியது நான்தான். ஆனால் தேர்வு என்னுடையது இல்லை.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் நான் வேலை பார்த்த அலுவலகத்துக்கு எதிரே ஒரு எஸ்.டி.டி. பூத் இருந்தது. அதை நடத்தியவருக்கு இரண்டு கண்ணிலும் பார்வை கிடையாது. என்னைவிடப் பத்து வயது சின்னவர், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். அஞ்சல் வழியில் எம்.ஏ. தத்துவம் படித்துக்கொண்டிருந்தார். பாடங்களை அவர் மனைவி வாய்விட்டுப் படித்துக் கேசட்டில் பதிவு செய்து கொடுப்பார். பூத்தில் ஆள் இல்லாத நேரமெல்லாம் அந்த டேப் ஓடிக்கொண்டே இருக்கும்.

ஒரே ஒரு பேப்பர்தான் பாக்கி. பழைய பாடத்திட்டத்தில் எழுத அதுவே கடைசி வாய்ப்பு. தவறினால் முழுப் படிப்பையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அவர் சொல்லச் சொல்ல எழுத ஓர் ஆள் தேவைப்பட்டது. எழுதுபவர் அவரைவிடக் குறைவாகப் படித்தவராக இருக்க வேண்டுமாம். நான் பிளஸ் டூ. போதாததற்கு, என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று ஆபீஸ் முழுக்கப் பேச்சு. என் தலைக்கனத்துக்குக் கேட்கவா வேண்டும்! உடனே சரி என்றுவிட்டேன்.

தேர்வுக்குப் போகும்போது பஸ்ஸிலேயே சொன்னார். "அக்கா, பால்பாயிண்ட் பேனாவே போதும். வேகமா எழுதலாம்."

"அதுல எழுதுனா எனக்குக் கையெழுத்தே வராதுப்பா. என் இங்க் பேனா எழுத்தப் பாத்தா, திருத்துறவரு அஞ்சு மார்க் சேத்துல்ல போடுவாரு!" என்றேன். சிரித்துக்கொண்டே விட்டுவிட்டார்.

எங்களுக்குத் தனி அறை, ஒரு கண்காணிப்பாளர், அரை மணி நேரம் கூடுதல். ஐந்து கேள்விகள். அவர் நிதானமாகச் சொல்ல, நான் அழகழகாக எழுதினேன். கடைசிக் கேள்வி ஸ்டோயிக் தத்துவம் பற்றியது. நம் கையில் இருப்பது எது, இல்லாதது எது என்று பிரித்துப் பார்க்க வேண்டும், குறுக்கே வந்த தடையையே வேலைக்குப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும் என்று அந்தக் காலத்து கிரேக்கர்கள் சொன்னார்களாம். 'இதெல்லாம் எழுத நல்லாத்தான் இருக்கும்' என்று மனதுக்குள் முனகிக்கொண்டே எழுதினேன்.

நல்ல வெயில். தொண்டை வறண்டது. தண்ணீர் குடித்தவள் பாட்டிலைச் சரியாக மூடாமல் மேசையில் வைத்தேன். அடுத்த பக்கம் திருப்பும்போது முழங்கை பட்டு, பாட்டில் விடைத்தாள் மேலேயே கவிழ்ந்தது. பதறித் தூக்குவதற்குள் உள்பக்கம் வரை ஊறிவிட்டது. என் முத்து முத்தான எழுத்தெல்லாம் நீல வெள்ளமாக ஓடியது.

முந்தானையால் ஒற்றி ஒற்றிப் பார்த்தேன். பாட்டில் உருண்ட சத்தம் அவருக்குக் கேட்டிருந்தது.

"அக்கா, எவ்ளோ போச்சு?"

"எல்லாம் போச்சுப்பா. பாவி நான், உன் படிப்புல மண்ண அள்ளிப் போட்டுட்டேன்."

அவர் முகம் இறுகியது. ஈரத் தாளை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தார். திட்டப்போகிறார் என்றுதான் நினைத்தேன். திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"இன்னும் எவ்ளோ நேரம் இருக்கு?" என்று கேட்டார்.

"அம்பது நிமிஷம்."

"சரி. பேப்பர்தானே நனைஞ்சுது, படிச்சது நனையலையே. மொதல்ல வளவளன்னு சொல்லிட்டேன், அது எனக்கே தெரிஞ்சுது. இப்ப சுருக்கமா சொல்றேன். அவுங்ககிட்ட புதுப் பேப்பரும் ஒரு பால்பாயிண்டும் வாங்கிக்குங்க."

கண்காணிப்பாளர் இரண்டையும் கொடுத்தார். நேரம் மட்டும் கூட்டித் தர முடியாது என்றார். இவர் சொல்ல ஆரம்பித்தார் பாருங்கள்! ஒரு வார்த்தை கூடுதல் இல்லை, ஒரு தடுமாற்றம் இல்லை. முதலில் மூன்று பக்கம் வந்த பதில் இப்போது ஒன்றரைப் பக்கத்தில் முடிந்தது, அதைவிடத் தெளிவாக. என் எழுத்தோ கோழி கிளறிய மாதிரி ஓடியது.

கடைசிக் கேள்விக்கு வரும்போது பத்து நிமிடம் இருந்தது. "ஓர் உதாரணம் எழுதிக்குங்க" என்றார். "தேர்வறையில் ஒருவருடைய விடைத்தாள் தண்ணீரில் நனைந்துபோனது. எழுதித் தந்தவர் மேல் குற்றமில்லை. நனைந்த தாள் தேர்வு எழுதியவர் கையில் இல்லை. மீதமிருந்த ஐம்பது நிமிடம் அவர் கையில் இருந்தது. அதில் அவர் முன்பைவிட நன்றாக எழுதினார்."

எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. புத்தகத்தில் படித்ததை ஒரு மனிதன் என் கண்ணெதிரே வாழ்ந்து காட்டி, அதையே என் கையால் எழுதவும் வைக்கிறான்! அடக்க முடியாமல் மூக்கை உறிஞ்சினேன்.

"அக்கா, இதையும் நனைச்சிடாதீங்க" என்றார்.

அழுதுகொண்டே சிரித்தேன். கடைசி வரியை எழுதி முடிக்கவும் மணி அடித்தது.

தேறிவிட்டார். எல்லாப் பேப்பரிலும் சேர்த்து அதில்தான் அவருக்கு அதிக மார்க். இப்போது ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறார். நான் இன்னும் சட்டென்று கோபப்படுகிறவள்தான், பதறுகிறவள்தான். ஆனால் எது கைமீறிப் போனாலும், யார் மேல் பழி போடலாம் என்று தேடுவதற்கு முன்னால், "இன்னும் எவ்ளோ நேரம் இருக்கு?" என்ற அவர் குரல்தான் எனக்குள் முதலில் கேட்கிறது.