ஜோரியை அனுப்பிய வருஷம்

தலைமையாசிரியை ஆக வேண்டும் என்று மார்லிஸ் கோய்க்கர் ஒருநாளும் ஆசைப்பட்டதில்லை. பத்தொன்பது வருஷம் எங்கள் கிறிஸ்தவப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு எடுத்தாள். பழைய தலைமையாசிரியர் திடீரென்று மிச்சிகனுக்குக் கிளம்பிவிட்டார். அயோவாவின் இந்த மூலைக்கு வெளியிலிருந்து யாரும் விண்ணப்பிக்கவில்லை. நிர்வாகக் குழு மார்லிஸைப் பிடித்து அந்த நாற்காலியில் உட்கார வைத்தது. ஒரு நிபந்தனை மட்டும் போட்டார்கள்: மூன்று வருஷத்துக்குள் முதுகலைப் பட்டம் வாங்கிவிட வேண்டும். பள்ளித் தலைமை, பாடத்திட்டம், இரண்டும் கிறிஸ்தவப் பார்வையில். வருஷம் முழுக்கக் கணினி வழியாகப் பாடம்; ஜூலையில் இரண்டு வாரம் கல்லூரிக்கே போய்த் தங்க வேண்டும்.

நான் பள்ளி அலுவலகத்தில் இருந்தேன். போன் எடுப்பது, வராத பிள்ளைகளின் வீட்டுக்குக் கூப்பிடுவது, மூக்கில் ரத்தம் வழிந்தால் பஞ்சு வைப்பது எல்லாம் என் பொறுப்பு. மார்லிஸ் படிக்க ஆரம்பித்ததும் இன்னொரு பொறுப்பும் சேர்ந்துகொண்டது. மதியம் அரை மணி நேரம் அவள் கதவை யாரும் தட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு கையில் ஹாம் வைத்த பன், மறு கையில் பென்சில் என்று உள்ளே உட்கார்ந்திருப்பாள்.

குழுவின் தலைவர் ஆர்லின் போஸ்ட்மா. நாலாயிரம் பன்றி வளர்க்கிறவர். கதவு மூடியிருப்பதைப் பார்த்தால் அவருக்குச் சும்மா இருக்க முடியாது.

"என்ன ஆர்டித், உங்க பண்டிதர் படிக்கிறாங்களா? முடிச்சதும் என் பன்னிங்களுக்கும் ஒரு பாடத்திட்டம் போட்டுத் தரச் சொல்லு."

"உங்க பன்னிங்க வீட்டுப்பாடம் ஒழுங்கா எழுதுமான்னு கேட்டுட்டு வாங்க முதல்ல," என்று உள்ளிருந்தே மார்லிஸ் குரல் கொடுப்பாள்.

இரண்டாவது வருஷம் இறுதி ஆய்வறிக்கையைத் தொடங்கினாள். முதல் பக்கத்தை அச்செடுத்து என்னிடம் காட்டினாள். "ஒவ்வொரு பிள்ளையும் தேவசாயலில் படைக்கப்பட்டது. ஒரு பிள்ளைக்கு இடமில்லாத பாடத்திட்டத்தைக் கிறிஸ்தவப் பாடத்திட்டம் என்று சொல்ல முடியாது." இப்படித்தான் தொடங்கியது.

"எப்படி இருக்கு?"

"போதகர் பிரசங்கத்தை விட நல்லா இருக்கு," என்றேன். அவளுக்கு முகமெல்லாம் மலர்ந்தது.

அந்த வருஷம் மூன்றாம் வகுப்பில் ஜோரி டெ பிராக் இருந்தாள். எட்டு வயது. ஆட்டிசம். அன்பான பிள்ளை, ஸ்டேப்ளர் சத்தம் பிடிக்கும் என்று என் மேஜைக்கு வந்து நிற்பாள். ஆனால் வகுப்பில் இரைச்சல் கூடினால் எழுந்து ஓடிவிடுவாள். எங்கள் பள்ளி நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கிறது. மூன்றாம் வகுப்பு ஆசிரியைக்கு அதுதான் முதல் வருஷம். இருபத்தாறு பிள்ளைகளையும் ஒற்றை ஆளாகச் சமாளித்துக்கொண்டிருந்தாள்.

ஜனவரியில், குளிர் பூஜ்யத்துக்குக் கீழே போன ஒரு நாளில், ஜோரி கோட்டு இல்லாமல் வெளியே ஓடிவிட்டாள். சோளக் கிடங்குப் பக்கம் ஒரு லாரி ஓட்டுநர்தான் பார்த்து வண்டியை நிறுத்தினார். தன் கம்பளியில் சுற்றித் தூக்கி வந்து என் மேஜைக்கு எதிரே இறக்கிவிட்டார். "இன்னும் ரெண்டு செகண்ட், அம்மா," என்றார்.

அந்த வாரமே குழு கூடியது. நான் குறிப்பு எழுதினேன்.

"யாரையும் குத்தம் சொல்லல," என்றார் ஆர்லின். அன்று அவர் வேடிக்கை பேசவில்லை. "ஆனா அந்தப் பிள்ளைக்கு ஏதாவது ஆச்சுன்னா அவ அம்மா ஜான்னா முகத்தில எப்படி முழிப்பேன்? அரசுப் பள்ளியில இதுக்குன்னே படிச்ச டீச்சர் இருக்காங்க. பூட்டின கதவு இருக்கு. நம்மகிட்ட என்ன இருக்கு?"

"ஒரு மாசம் கொடுங்க," என்றாள் மார்லிஸ். "நான் ஆள் கண்டுபிடிக்கிறேன்."

கொடுத்தார்கள். அவள் நாலு மாநிலத்துக் கல்லூரிகளுக்கும் போன் போட்டாள். சிறப்புப் பயிற்சி பெற்ற ஆசிரியை ஒருத்தி சியூ நகரத்திலிருந்து வந்து பார்த்தாள். தனியாக ஒரு அறைகூட இல்லாத இடத்தில் எப்படி வேலை செய்வது என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள். அரசுப் பள்ளியோ, பிள்ளை அங்கே வந்தால்தான் உதவ முடியும் என்றது. ஒவ்வொரு மறுப்புக்குப் பிறகும் மார்லிஸ் போனை வைத்துவிட்டுச் சுவரைப் பார்ப்பாள். பிறகு அடுத்த எண்ணை அழுத்துவாள்.

யாரும் கிடைக்கவில்லை என்றதும், அவளே போய் ஜோரி பக்கத்தில் சின்ன நாற்காலியில் உட்கார்ந்தாள். மூன்று வாரம். காலை முதல் மணியிலிருந்து கடைசி மணி வரைக்கும். தலைமையாசிரியை பார்க்க வேண்டியதையெல்லாம் நான் பார்த்தேன். கல்லூரியிலிருந்து வந்த கடிதங்கள் பிரிக்காமல் கிடந்தன. அவள் கன்னம் ஒட்டிப்போயிற்று. ஒருநாள் மதியம் கழிவறையில் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதுகொண்டிருந்தாள். நான் உள்ளே போனதும் முகம் கழுவுகிற மாதிரி குனிந்துகொண்டாள்.

பிப்ரவரியில் தீயணைப்புப் பயிற்சி மணி அடித்தது. மாவட்டம் குறிக்கும் நாள் அது, தள்ளிப்போட முடியாது. ஜோரியின் காதைப் பொத்தி மார்லிஸ் கூட்டிக்கொண்டு போயிருக்கிறாள். வாசலுக்கு வெளியே வந்ததும் பிள்ளை பிடியை உதறிக்கொண்டு ஓடியது. துரத்திய மார்லிஸ் பனிக்கட்டியில் வழுக்கி விழுந்தாள். வலது மணிக்கட்டு முறிந்தது. எழுந்திருக்க முடியாமல் கிடந்தபடியே, "ஜோரி! ஜோரி!" என்று அவள் கத்தியது இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. ஜோரி சாலையின் நடுக்கோடு வரைக்கும் போய்விட்டாள். எட்டாம் வகுப்பு ஆசிரியர் பாய்ந்து போய்த் தூக்கி வந்தார்.

அடுத்த கூட்டம் இருபது நிமிஷத்தில் முடிந்தது. ஜோரியை அரசுப் பள்ளிக்கு அனுப்பிவிடும் முடிவை எதிர்த்து ஒரு ஓட்டுகூட இல்லை.

"கடிதத்தில நானே கையெழுத்துப் போட்டுடறேன், மார்லிஸ்," என்றார் ஆர்லின். "நீ போட வேண்டாம்."

"வேண்டாம். நான் போடறேன். ஜான்னாகிட்ட நானே கொடுக்கிறேன்."

வலது கையில் மாவுக்கட்டு இருந்ததால் இடது கையால் போட்டாள். எழுத்துகள் ஒன்றின் மேல் ஒன்று சரிந்திருந்தன.

அந்த வீட்டுக்கு என்னையும் கூப்பிட்டாள். கட்டோடு வண்டி ஓட்ட முடியாது. ஜான்னா டெ பிராக் எங்கள் சபைதான். சமையலறை மேஜையில் எங்களுக்குக் காப்பி ஊற்றி வைத்துவிட்டு நின்றபடியே கடிதத்தை வாசித்தாள். ஜோரியின் மூன்று அண்ணன்மாரும் எங்கள் பள்ளியில்தான் படித்தார்கள்.

"இது உன் கையெழுத்தே இல்ல," என்றாள்.

"என்னுதுதான். இடது கை."

"சரி." கடிதத்தை மடித்தாள். "ஜோரிக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்னிக்கு ஞாபகம் இருக்கா? இந்தப் பிள்ளைய வளர்க்க உதவுவீங்களான்னு போதகர் கேட்டார். சபை மொத்தமும் எழுந்து நின்னு உதவுவோம்னு சொல்லிச்சு. நீ மூணாவது வரிசையில இருந்த. நீயும் எழுந்து நின்ன. நான் பார்த்தேன்."

"நின்னேன், ஜான்னா."

"அப்ப ஏன் நின்ன?"

மார்லிஸ் மடித்த கடிதத்தையே பார்த்தாள். லாரியைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். மூன்று வாரம் பக்கத்தில் உட்கார்ந்ததைச் சொல்லியிருக்கலாம். எதையும் சொல்லவில்லை. முன்னறையில் ஜோரி தையல் இயந்திரம் போல ஒரே தாளத்தில் சோபாவைத் தட்டிக்கொண்டிருந்தாள். காப்பியைத் தொடாமல் எழுந்து வந்தோம். அந்த வாரமே நாலு பிள்ளைகளும் பள்ளியை விட்டு நின்றார்கள். ஈஸ்டருக்குள் குடும்பம் பக்கத்து ஊர்ச் சபைக்கு மாறிவிட்டது.

ஜூலையில் அவள் கல்லூரிக்குப் போக மாட்டாள் என்றே நினைத்தேன். போனாள். நடந்ததைத் திரும்பி வந்து என்னிடம் சொன்னாள். உடன் படிக்கும் பதினேழு பேர் முன்னால் அறிக்கையின் முதல் வாக்கியத்தை வாசித்திருக்கிறாள். அதற்கு மேல் ஓடவில்லை. பையிலிருந்து, ஜான்னாவுக்குக் கொடுத்த கடிதத்தின் நகலை எடுத்து அதையும் வாசித்துவிட்டாள்.

"முதல் வாக்கியத்தை எடுத்துடறேன்னு பேராசிரியர்கிட்ட சொன்னேன், ஆர்டித். அதை எழுத எனக்கு யோக்கியதை இல்லன்னேன்."

"அவர் என்ன சொன்னார்?"

"எடுக்காதே, அது உண்மை, அதுக்குக் கீழே நீ செஞ்சதையும் எழுதுன்னார். நான் அவர்கிட்ட எதிர்பார்த்தது அது இல்ல. நீ செஞ்சது சரின்னு சொல்வார்னு பார்த்தேன். இல்லன்னா தப்புன்னாவது சொல்லியிருக்கலாம்."

கனடாவின் மானிட்டோபாவிலிருந்து வந்திருந்த ஒரு தலைமையாசிரியர் இடைவேளையில் அவளிடம் வந்து, "நாங்க நாலு பேரை அனுப்பியிருக்கோம். எங்கேயும் எழுதி வைக்கல," என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று போய்விட்டாராம்.

அவள் எழுதினாள். அந்த இலையுதிர் காலம் முழுக்க எழுதினாள். எழுதியதையே வைத்துக் குழுவிடம் தனி அறை, தனி ஆசிரியை, பாதுகாப்பான கதவு என்று கேட்டாள். முதல் வருஷம் நிராகரித்தார்கள். மறு வருஷம் சாமான் அறையைக் காலி செய்து கொடுக்கச் சம்மதித்தார்கள். பெட்டிகளைத் தூக்க ஆர்லினே மகன்களோடு வந்தார். பட்டமளிப்புக்கு மார்லிஸ் போகவில்லை. பட்டம் தபாலில் வந்தது. "கோப்பு அலமாரியில போட்டுடு," என்றாள்.

அறை தயாரான ஆகஸ்டில், மறுபடியும் என்னைக் கூட்டிக்கொண்டு ஜான்னா வீட்டுக்குப் போனாள். இந்தத் தடவை ஜான்னா எங்களை உள்ளே கூப்பிடவில்லை. கம்பிவலைக் கதவுக்கு அந்தப் பக்கமே நின்றாள்.

"இப்ப இடம் இருக்கு, ஜான்னா. ஜோரிக்கு."

"அங்க அவளுக்கு ஒரு சிநேகிதி இருக்கா. வாசிக்க ஆரம்பிச்சுட்டா," என்றாள் ஜான்னா. குரலில் கோபம் இல்லை. அதுதான் கேட்கச் சகிக்கவில்லை. "இன்னொரு தடவை அவளை இடம் மாத்த மாட்டேன்."

"சரி. சந்தோஷம்."

"ரெண்டு வருஷம் முன்னாடி வந்திருக்கணும், மார்லிஸ்."

"தெரியும்."

வண்டியில் ஏறி உட்கார்ந்த மார்லிஸ் பெல்ட்டைக்கூடப் போடவில்லை. நான் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். ஜெபம் பண்ணுவாள் என்று நினைத்தேன். பண்ணவில்லை. பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டு, "மூணு மணிக்குப் பெற்றோர் ரெண்டு பேர் வர்றாங்க, போலாம்," என்றாள்.

அந்த அறையில் இப்போது ஆறு பிள்ளைகள் படிக்கிறார்கள். மார்லிஸ்தான் இன்னமும் தலைமையாசிரியை. டெ பிராக் வீட்டார் திரும்பி வரவேயில்லை.