மேகத்துக்குள் பேசக்கூடாது

போன வாரம் ஒரு குட்டி விமானத்தில் அந்தமானின் வடக்கே இருக்கும் டிக்லிபூரிலிருந்து போர்ட் பிளேருக்கு வந்தேன். முக்கால் மணி நேரப் பயணம்தான்... வந்து சேர மறுநாள் ஆனது.

விமானத்தை வாடகைக்கு எடுத்தவர் பாலகிருஷ்ணன். போர்ட் பிளேர் ஜங்லிகாட்டில் என் பக்கத்து வீட்டுக்காரர், கட்டட கான்ட்ராக்டர். அன்று மாலை அவர் மகளுக்கு நிச்சயதார்த்தம். டிக்லிபூரில் கோபித்துக்கொண்டிருந்த மைத்துனரைச் சமாதானப்படுத்தக் கணவனும் மனைவியும் போயிருந்தார்கள். பஞ்சாயத்துக்கு என்னையும் இழுத்துப்போயிருந்தார்கள். ரோட்டில் திரும்பினால் நேரத்துக்குப் போக முடியாது என்றுதான் விமானம்.

பைலட் ஒரே ஒருவர். கேப்டன் நளினி. முப்பது வயது சொச்சம் இருக்கும், அளந்து பேசினார்.

"இன்னொரு பைலட் எங்கே?" என்று கம்பெனி மேனேஜரிடம் கேட்டேன்.

"ஆட்டோபைலட் ஹை நா, அதான் இருக்கே, சார். இந்த சைஸுக்கு ஒருத்தர் போதும். ரூல்லயே இடம் இருக்கு."

ரூலில் இடம் இருக்கலாம். ஆட்டோபைலட் ரேடியோவில் பதில் சொல்லுமா? வானிலை கேட்டு முடிவெடுக்குமா? இன்னொரு பைலட் இருக்கவேண்டிய சீட்டில் மேனேஜர் யாரை உட்காரவைத்தார் தெரியுமா? காசு கொடுத்த பாலகிருஷ்ணனை!

போர்ட் பிளேரை நெருங்கும்போது மழை மேகத்துக்குள் நுழைந்தோம். ஜன்னலில் வெள்ளையைத் தவிர ஒன்றும் இல்லை. அந்த நேரத்தில் கண்ணை நம்பக் கூடாது. உடம்பு சொல்வதையும் நம்பக் கூடாது. முன்னால் இருக்கும் கருவிகளை மட்டுமே பார்த்து, படிப்படியாக இறங்கவேண்டும். ஒரு குறிப்பிட்ட உயரம் வரைதான் அனுமதி. அதற்குள் ஓடுபாதை தெரியவேண்டும். தெரியாவிட்டால் மேலே ஏறிவிடவேண்டும் — நம் ஓடுபாதைப் பக்கம் மலை வேறு இருக்கிறது.

நளினி கருவிகளைப் பார்த்தார், ரேடியோவில் பேசினார், சக்கரத்தை இறக்கினார். எல்லாம் ஒரே ஆள். பக்கத்தில் நம்மவர் மொபைலில் வீடியோ எடுத்தபடி பேசிக்கொண்டே வந்தார்.

"மேடம், இந்த முள்ளு ஏன் ஆடுது? லேண்டிங் எத்தனை மணிக்கு? மாப்பிள்ளை வீட்ல வந்துட்டாங்க..."

"சார், ப்ளீஸ், கொஞ்ச நேரம் பேசாதீங்க."

ஒரு நிமிடம் வீடியோ மட்டும் எடுத்தார். பிறகு கையை நீட்டினார், நளினியின் முகத்துக்கு நேராக.

"அதோ ரோடு தெரியுது, மேடம். உதர் தேக்கோ, அந்தப் பக்கம் பாருங்க. இறக்கிடுங்க."

நளினி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. இன்ஜின் சத்தம் கூடியது, விமானத்தின் மூக்கு மேலே தூக்கியது.

"அரே, என்ன மேடம், வாசல் வரைக்கும் வந்துட்டு..."

பின் சீட்டிலிருந்து அவர் மனைவி வாய் திறந்தார். "என்னங்க, வாயை மூடுங்க. கல்யாணத்துக்கு நாம உயிரோட இருக்கணும்."

நிச்சயதார்த்தப் பெண் அந்த அம்மாவுக்கும் மகள்தானே? கையை இறுகக் கோத்து வைத்திருந்தார்.

வடக்கே வானம் திறந்திருந்தது. திரும்பிப்போகும் அளவுக்கு எரிபொருள் வைத்துக்கொண்டுதான் நளினி கிளம்பியிருந்தார். டிக்லிபூரிலேயே இறக்கினார். இறங்கியதும் இறக்கையில் கைவைத்துச் சற்று நேரம் நின்றார். முதுகில் சட்டை நனைந்து ஒட்டியிருந்தது. அன்று அங்கே மழையே இல்லை; வியர்வை.

மறுநாள் காலை அவரே எங்களைக் கொண்டுவந்து சேர்த்தார். முன் சீட்டில் யாரையும் உட்காரவிடவில்லை.

எங்களோடு வந்த மேனேஜர் போர்ட் பிளேரில் பாலகிருஷ்ணனிடம் மன்னிப்புக் கேட்டார். நளினியிடம் விளக்கம் கேட்டார்.

"ஓடுபாதை தெரியல, சார். தெரியலன்னா ஏறணும்" என்றார் நளினி. அவ்வளவுதான் விளக்கம்.

நம் பஸ்ஸில்கூட 'ஓட்டுநருடன் பேசாதீர்' என்று எழுதியிருக்கும். ஒரே ஆளைத் தனியாக மேகத்துக்குள் அனுப்புகிற கம்பெனிக்கு அந்த அறிவு இல்லை. இறக்கிவிட்டால் கைதட்டுவோம், திரும்பினால் திட்டுவோம் — எப்பேர்ப்பட்ட ரசிகர்கள் நாம்!

நிச்சயதார்த்தம் ஒரு நாள் தள்ளி, அமர்க்களமாக நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் முகம் சுளிக்கவில்லை. பந்தியில் பாலகிருஷ்ணன் சம்பந்தியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "அந்தப் பொண்ணுக்குத் தைரியம் பத்தல. வேற பைலட்டா இருந்தா நேத்தே இறக்கியிருப்பான்."

அப்போது அவர் குடித்துக்கொண்டிருந்தது இரண்டாவது டம்ளர் பாயசம்... உயிரோடு இருப்பவர்களுக்கு மட்டுமே பரிமாறப்படுவது.