வாரினவ பேரு எங்க சார்?

எழுத உட்கார்ந்தால் குழம்பிவிடுவேன். ஆகவே முதலில் குறிப்புகள்:
1. செய்தி வந்தது.
2. என் உப்புப் புட்டிகள்.
3. பச்சையம்மாளின் தோல்வி.

சென்ற வாரம் காலையில், மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்யும் பெண் ஒருவர் என் வாசலில் நின்று, "பச்சையம்மா போயிட்டாங்க சார், நெஞ்சு வலி" என்றார். "உட்காருங்கள்" என்றேன். பச்சையம்மாளோடு உப்பு வாரியவர்கள் நீங்கள். நான் தவறாக எழுதினால் திருத்துங்கள்.

பள்ளியில் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்ற நான், முப்பது ஆண்டுகளாக உப்பு சேகரித்தேன். பருவந்தோறும் உப்புப் பாத்திக்கு ஒரு புட்டி. சீட்டில் பாத்தியின் உரிமையாளர், நாள், உப்புப் பரலின் அளவு. ஒருமுறை வீட்டுக்கு வந்த பச்சையம்மாள் அலமாரியைப் பார்த்துச் சிரித்தார். "இன்னா சார், ஓடிப்போயிடும்னு மூடி போட்டு வெச்சிருக்கீங்களா? எல்லாம் எழுதியிருக்கீங்க. வாரினவ பேரு எங்க சார்?"

2004 டிசம்பரில் கடல் உள்ளே வந்து பாத்திகளைச் சேறாக்கியது. நிவாரணப் பட்டியலில் உரிமையாளர்கள் இருந்தார்கள். கூலிக்கு வாரிய பெண்கள் இல்லை. அவர்களிடம் காட்ட ஒரு காகிதமும் இல்லை. பச்சையம்மாள் வந்தார். "எங்க பேர எழுதுங்க சார். யாரு, எந்த பாத்தி, எத்தினி வருஷம்." பென்ஷனுக்கு ஏதாவது வந்துவிடுமோ என்று தயங்கினேன். "எழுதறதுக்கே நடுங்கினா எப்பிடி சார்? சண்ட போடப்போறது நாங்க."

புட்டிகளைக் காலி செய்து, உப்பை ஊறுகாய்க்கு ஆகட்டும் என்று அந்தப் பெண்களிடமே கொடுத்தேன். பெயர் சேகரிக்கத் தொடங்கினேன். பள்ளிப் பதிவேட்டுப் பழக்கத்தில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே கணவர் பெயரையும் எழுதினேன். படிக்கச் சொல்லிக் கேட்ட பச்சையம்மாள் சீறினார். "எம் புருஷன் ஒரு நாளு உப்பு வாரினதில்ல. அவரு எதுக்கு பக்கத்துல குந்தினு இருக்காரு?" நோட்டு முழுவதையும் திருத்தி எழுதினேன்.

நோட்டோடு வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போனோம். "வெச்சிட்டு போங்கம்மா, பாக்கறோம்" என்றார்கள். "நிக்கறோம். பாத்துட்டு நோட்ட கையில குடுங்க" என்றார் பச்சையம்மாள். மாலைவரை நின்றோம். ஒரு பெயரும் பட்டியலில் ஏறவில்லை. பிறகு கடைசிவரை மாதந்தோறும் போனார். மறுத்தார்கள். மறுபடியும் போனார்.

அடக்கம் முடிந்தபின், நோட்டில் அவர் பெயரை அடித்துவிடலாமா என்று அவர் மகளைக் கேட்டேன். "அம்மா செத்துட்டா, வாரினது இல்லன்னு ஆயிடுமா சார்?" என்றாள். அங்கே வந்திருந்த வேறு பாத்திப் பெண்கள், "எங்க பேரையும் சேருங்க" என்றார்கள். சேர்த்தேன்.

திங்கட்கிழமை அதே அலுவலகத்துக்குப் போகிறோம். நோட்டு என் கையில் இருக்கும். அவர்கள் பார்த்துவிட்டுத் திருப்பித் தரும்வரை நகரமாட்டேன். பச்சையம்மாளிடமிருந்து நான் வைத்துக்கொள்வது, நோட்டில் அடிக்கப்படாத அவர் பெயருள்ள அந்த ஒரு வரிதான். மூன்றாவது குறிப்பில் தோல்வி என்று எழுதியது என் தவறு.