காரவனில் பொங்கிய பொங்கல்

உறைபனியில் குழாய்கள் வெடிக்குமென்று, வாசலில் நிற்கும், விடுமுறைக்குக் காரில் இழுத்துப்போய்த் தங்கும் எங்கள் காரவன் வண்டியின் தண்ணீர்த் தாங்கியை முழுதாக வடித்துவைத்திருந்தேன்.

நேற்று மாமி, என் மனைவியின் அம்மா, அதை நிரப்பிவிட்டார். ஏனென்று கேட்டேன்.

"பொங்கலும் அதுவுமா தாங்கி வெறுமையாக் கிடக்கக் கூடாது, தம்பி."

அதற்குள் எல்லாம் உறைந்துவிட்டது.

இன்று பொங்கிக்கொண்டிருக்கும்போது வெயில் வந்தது. பனி இளக, வெடித்திருந்த குழாயால் தண்ணீர் உள்ளே கொட்டியது.

"மாமி, காரவன் முழுக்கத் தண்ணி வழியுது."

அகப்பையைக் கீழே வைக்காமலே கேட்டார்: "எந்தப் பக்கமா வழிஞ்சது?"

"கிழக்காலை."

"அப்ப நல்லது."

கிழக்கில்தான் மெத்தைகள் இருக்கின்றன. இந்தப் பலனை இன்சூரன்ஸ்காரருக்கு இங்கிலிஷில் விளக்கத் தெரிந்தவர்கள் உடனே எனக்கு ஈமெயில் போடுங்கள்.