வள்ளியின் விரல்கள்

என் தங்கை வள்ளிக்குப் பிறவியிலேயே காது கேட்காது. கானாடுகாத்தானில் ஒரு ஓட்டலில் வேலை பார்க்கிறாள். காரைக்குடியிலிருந்து தினமும் எங்கள் பழைய சின்னக் காரில் நான்தான் கொண்டுபோய் விடுவேன்.

கொஞ்ச நாளாக வழியில் எங்காவது வண்டி நின்றால் எஞ்சின் திணறி அணைந்துகொண்டிருந்தது. புகைச் சோதனையிலும் தேறவில்லை. பிளக், ஃபில்டர் எல்லாம் மாற்றியும் பலனில்லை.

"இன்னும் எதுக்கு இதைக் கட்டிக்கிட்டு அழுகுறீக? வித்துருங்க" என்றார் மெக்கானிக் சேகர்.

வண்டி போனால் வள்ளி வேலைக்கு எப்படிப் போவாள் என்று நான் கவலைப்பட்டேன். அப்போது வண்டியில் உட்கார்ந்திருந்த அவள் இறங்கி வந்து, ஓடிக்கொண்டிருந்த எஞ்சினின் ஃபில்டர் மூடிமேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடினாள். பிறகு பக்கத்திலிருந்த மெல்லிய ரப்பர் குழாயை விரலால் தடவிக்கொண்டே போய், ஓரிடத்தில் அழுத்திப் பிடித்தாள்.

எஞ்சின் சீராக ஓடியது. விரலை எடுத்தாள், மறுபடி திணறியது.

சேகர் குனிந்து பார்த்தார். "ஆத்தாடி, அடியில வெடிச்சுருக்கு! இதுவழியாத்தான் வேண்டாத காத்து எஞ்சினுக்குள்ள போயிருக்கு."

குழாயை மாற்றினோம். சோதனையிலும் வண்டி தேறியது.

எப்படித் தெரிந்தது என்று சைகையில் கேட்டேன். 'தினமும் பாதத்தில் அதிர்ந்ததே, உனக்கு அதிரவில்லையா?' என்று அவள் ஆச்சரியமாகக் கேட்டாள்.

அவளுடைய உலகம் அமைதியானது என்றே இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன்.