மரண அறிவிப்பு நேரத்து மாத்திரை

மோட்டார் சைக்கிளில் வாடகைக்கு ஆளேற்றிப் பிழைத்தவன் வெட்டாக்கா. ம்பாலே நகரச் சாலையில் அவனை லாரி இடித்து விழுந்தது பழைய கதை. மண்டைக்குள் பட்ட அடி மட்டும் பழசாகவில்லை. வலிப்பு வரும். காலையில் தின்றது மதியம் நினைவிருக்காது. அண்ணன் கிடுடு மாத்திரைகளைத் தன் பெட்டியில் பூட்டிவைத்து, கோழிக்குத் தீனி போடுகிற மாதிரி வேளாவேளைக்குக் கொடுத்துவந்தார்.

மருத்துவமனை நர்ஸ் முட்டோனிக்கு அது பிடிக்கவில்லை. "அவரு உடம்ப அவரே பாத்துக்கட்டும். தெனம் தவறாம நடக்கற ஏதாச்சும் ஒண்ணோட மாத்திரையச் சேத்து வைங்க" என்றாள்.

"நம்மூர்ல தவறாம நடக்கறது சாவுதான்" என்று சிரித்தான் வெட்டாக்கா.

விளையாட்டுக்குச் சொன்னதே வழியாகிவிட்டது. கிடுடு மாத்திரைகளை ஒரு தகர டப்பாவில் போட்டு அவனிடமே கொடுக்க, அவன் அதைச் சுவர் மாடத்தில் வைத்துக்கொண்டான். காலையும் மாலையும் ரேடியோவில் சுற்றுவட்டாரத்தில் செத்தவர்களின் பெயர்களை வாசிப்பார்கள்; அந்த மரண அறிவிப்புக்கு முன்னால் ஓர் அழுகுணி இசை வரும். உடனே அவன் கை தகர டப்பாவுக்குப் போகும். மாதக்கணக்கில் வலிப்பே இல்லை. காப்பிச் செடிக்குக் களையெடுக்கப் போனான். தன் காரியத்தைத் தானே பார்க்கிற ஆண்பிள்ளையாக அவனை மறுபடி பார்த்ததில் மனைவி கைன்சாவுக்கு அப்படி ஒரு பெருமை.

"இன்னொரு தரம் விழுந்தான்னா டப்பா என் பெட்டிக்கு வந்துரும்" என்று மட்டும் கிடுடு சொல்லிவைத்திருந்தார்.

அப்போதுதான் குலோபா செத்துப்போனான். வெட்டாக்காவோடு ஒரே நிறுத்தத்தில் வண்டி ஓட்டியவன், உயிர்ச் சிநேகிதன். அவனையும் லாரிதான் அடித்தது. கைன்சா அதைத் தண்ணீர்க் குழாயடியில் கேள்விப்பட்டாள். ரேடியோவில் பெயரைக் கேட்டால் இவர் தாங்குவாரா? ஓடிவந்து ரேடியோவின் பேட்டரியைப் பிடுங்கி ஒளித்துவைத்தாள்.

"தீந்துபோச்சுங்க. சந்தைக்குப் போறப்போ வாங்கிக்கலாம்."

அவன் சரியென்று வாழைக்காயைத் தோல் சீவ உட்கார்ந்தான். துக்கத்தை மறைக்கிற மும்முரத்தில் அவளுக்கு மாத்திரை நினைவே இல்லை. இசை கேட்காததால் அவனுக்கும் இல்லை. அடக்கம் முடிந்த மறுநாள் காலை, அடுப்படியிலேயே வலிப்பு வந்து விழுந்தான். வலது கை நெருப்பில் வெந்துபோனது.

கிடுடு வந்து மாடத்திலிருந்த டப்பாவை எடுத்துக்கொண்டார்.

"அவரு மேல தப்பில்ல அத்தான். ரேடியோவ நிறுத்துனது நான்தான்" என்று அழுதாள் கைன்சா.

"ரேடியோ நின்னா நின்னுபோற ஆளு, எப்படிம்மா தன்னைப் பாத்துக்குவான்?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். பாவி மனுஷன், கெட்டவரும் இல்லை.

அன்று மாலை பேட்டரியைத் திரும்பப் போட்டாள். இசை வந்தது. பின்னாலேயே குலோபாவின் வீட்டார், அவன் அடக்கத்துக்கு வந்தவர்களுக்கு ரேடியோவில் நன்றி சொன்னார்கள். வெட்டாக்கா அசையாமல் கேட்டான். பிறகு கட்டுப் போடாத கையை மாடத்துக்கு நீட்டித் துழாவினான். மாடம் காலியாக இருந்தது.

"குலோபாவ மறைச்ச, சரி" என்றான். "மாத்திரைய ஏன் கைன்சா நீயும் அண்ணனும் மறைச்சீங்க? இன்னிக்கு நான் மறக்கலயே."